ஏழு நாள் போகாத பிள்ளை

காலைக் காபியோடு இதைப் படிக்க உட்கார்ந்தவர்கள் முதலில் தம்ளரைக் காலி செய்துவிட்டு வாருங்கள். இன்றைக்கு எழுதப்போவது பச்சைக் குழந்தையின் மலத்தைப் பற்றி. "எழுபத்தாறு வயசில் எழுத வேறு விஷயமே கிடைக்கலையா?" என்று என் மனைவி கேட்டாள். இதை எழுதக் காரணமே அவள்தான்.

போன மாதம் பெரிய மகள் வீட்டில் தங்கியிருந்தோம். பேத்தி பிரசவத்துக்கு அங்கே வந்திருக்கிறாள். கொள்ளுப்பேரனுக்கு இரண்டு மாதம் முடிந்திருந்தது. தாய்ப்பால் மட்டும்தான். கன்னமும் தொடையுமாக நன்றாகத்தான் இருந்தான். பிறந்த புதிதில் நாளைக்கு ஆறு தடவை, ஏழு தடவை போனவன், திடீரென்று போவதை நிறுத்திவிட்டான். ஒரு நாள், இரண்டு நாள், ஐந்து நாள், ஏழு நாள்.

வீடு இழவு வீடு மாதிரி ஆகிவிட்டது. சம்பந்தியம்மா காலையும் மாலையும் போன் செய்து, "இன்னைக்காவது போனானா?" என்று கேட்டார். வெற்றிலைக் காம்பை விளக்கெண்ணெயில் தோய்த்து ஆசனவாயில் வைக்கச் சொன்னார் எதிர்வீட்டுப் பாட்டி. இன்னொருவர், பக்கத்து ஊரில் தொக்கம் எடுக்கிற ஆள் இருக்கிறார் என்றார். கழுதைப்பால் ஒரு சங்கு என்று மூன்றாவது யோசனை. பிள்ளை மட்டும் சிரித்துக்கொண்டு காலை உதைத்துக்கொண்டு கிடந்தான்.

கடைசியில் மகள் சொன்னாள்: "தாய்ப்பால் சேரலையோ என்னமோ. ரெண்டு வேளை பவுடர் பால் கொடுத்துப் பார்ப்போமா?"

"அந்தப் பேச்சே இங்க வேண்டாம்" என்றாள் என் மனைவி. அவள் குரலை உயர்த்தி நான் கேட்டது வாழ்க்கையில் நாலைந்து முறைதான். மகள் திகைத்துப் போனாள். எனக்கு மட்டும் புரிந்தது.

1976-ல் இதே மகள் ஐந்து வாரக் குழந்தை. என் மனைவிக்குத் தாய் இல்லாததால் பிரசவம் எங்கள் வீட்டில்தான். குழந்தை பால் குடித்த கையோடு போகும். நாளைக்கு எட்டு, ஒன்பது தடவை. தண்ணீராக, திப்பி திப்பியாக, சில நாள் பச்சை நிறத்தில். என் அம்மா துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "தாய்ப்பால் ஒத்துக்கலை, இது மாந்தம்" என்று தீர்ப்புச் சொன்னார். வசம்பு, மாசிக்காய், ஜாதிக்காய் எல்லாம் உரைத்து ஊற்றினார்கள். கிரைப் வாட்டர் கொடுத்தார்கள். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் இறுகியது. குடிக்கிற தண்ணீருக்குக்கூடக் கணக்கு. பிறகு டாக்டரிடம் போனோம். அவரும் துணியைத்தான் பார்த்தார். பிள்ளையை எடை போடவில்லை. "பாலை நிறுத்திட்டு டின் பால் கொடுங்க" என்றார்.

மதுரைப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, பால் வற்ற மல்லிகைப்பூவை வைத்துக் கட்டுவார்கள். அப்படித்தான் கட்டினார்கள். பால் கட்டி, காய்ச்சல் வந்து, மூன்று நாள் அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான் டின்னுக்காக மருந்துக்கடை மருந்துக்கடையாக அலைந்தேன்.

அடுத்த மாதம் நிஜமான பேதி வந்தது. புட்டியும் ரப்பரும் எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில்தான் கழுவப்பட்டன. ஒரே ராத்திரியில் குழந்தையின் உச்சிக்குழி உள்வாங்கிவிட்டது. அழுதால் கண்ணீர் வரவில்லை. ஆஸ்பத்திரியில் தலையில் நரம்பு தேடி குளுக்கோஸ் ஏற்றினார்கள். நாலு நாள். அங்கே ஒரு வயதான நர்ஸ் விவரம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தாய்ப்பால் குடிக்கிற பிள்ளை அப்படித்தானே சார் போகும். நல்லா இருந்த பிள்ளைய நீங்கதான் நோயாளி ஆக்கியிருக்கீங்க."

அந்த நர்ஸ் சொன்னது முழுக்கச் சரி என்பதைப் பிற்பாடு குழந்தை மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டேன். பிறந்த இரண்டு மூன்று நாள் தார் மாதிரி கருப்பாகப் போகும். பிறகு பச்சை கலந்து, அப்புறம் கடுகு அரைத்த மாதிரி மஞ்சள். இளகலாக, விதை விதையாக இருக்கும். வயிற்றில் பால் இறங்கியதும் குடல் அசைந்து கொடுப்பதால் ஒவ்வொரு தடவை குடித்ததும் போகலாம். அது பேதி இல்லை. பித்தம் நிறம் மாற நேரமில்லாமல் வேகமாக இறங்கினால் பச்சை. இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றிக் கொடுத்தாலும் பச்சையாக நுரைத்துப் போகும். ஒரு பக்கத்தை முழுக்கக் குடிக்கவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆறு வாரம் தாண்டியதும் நேர் எதிராக, பல நாள் போகாமலே இருக்கும். தாய்ப்பால் அநேகமாக முழுவதும் செரித்துவிடுவதால் வெளியே தள்ளச் சக்கை மிஞ்சுவதில்லை. ஒரு வாரம், அதற்கு மேலும்கூட ஆகலாம். வரும்போது இளகலாக வந்தால் அதற்கு மலச்சிக்கல் என்று பெயர் இல்லை.

ஆக, அடிக்கடி போனாலும் நாம் பயப்படுகிறோம், போகாவிட்டாலும் பயப்படுகிறோம். இரண்டுக்கும் பழி தாய்ப்பால் மேல். நம் வயதுக்காரர்களிடம் நான் சண்டை போடுவது இந்த இடத்தில்தான். "நாங்க எல்லாம் கொடுத்துத்தானே வளர்த்தோம், என்ன கெட்டுப்போச்சு?" என்கிறோம். 1971-ல் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 ஒரு வயதுக்குள் இறந்தன. 2020-ல் அது 28. இதற்குத் தடுப்பூசி, ஆஸ்பத்திரி, நல்ல தண்ணீர் என்று பல காரணம். ஆனால் "எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை" என்று பேசுகிறவர்கள் எல்லாரும் பிழைத்தவர்கள் என்பதையாவது நாம் நினைத்துப் பார்க்கலாம். விளக்கெண்ணெய் புரையேறி நுரையீரலுக்குப் போய்விட்ட குழந்தைகளைப் பற்றி எந்த டாக்டரைக் கேட்டாலும் சொல்லுவார்.

கெட்ட எண்ணத்தில் யாரும் சொல்வதில்லை. என் அம்மாவும் பேத்திமேல் உயிரையே வைத்திருந்தார். ஆனால் பெரியவர் வாயிலிருந்து "பால் சேரலை" என்ற ஒரு வார்த்தை வந்தால், தூக்கமில்லாமல் கிடக்கும் அந்தப் பெண்ணுக்குத் தன் உடம்பின் மேலேயே நம்பிக்கை போய்விடும். இந்தக் காலத்துப் பிள்ளைகளும் லேசுப்பட்டவர்கள் அல்ல. டயப்பரைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் இருபது பேருக்கு அனுப்பினால் இருபது வைத்தியம் வரத்தானே செய்யும்? நான் இட்லி சாப்பிடும்போது ஒரு படம் வந்தது. அதை விடுங்கள்.

அதற்காக எதற்குமே பயப்பட வேண்டாம் என்று சொல்லவில்லை. எதற்குப் பயப்படுவது என்பதில்தான் நமக்குக் குழப்பம். பச்சையைக் கண்டு பதறுகிறோம். வெள்ளையாக, களிமண் நிறத்தில் போனால், "பால் குடிக்கிற பிள்ளை வேற எப்படிப் போகும்?" என்று விட்டுவிடுகிறோம். பயப்பட வேண்டியது அந்த வெள்ளைக்குத்தான். பித்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். இரண்டு வாரம் தாண்டியும் கண் மஞ்சள் தெளியாமல் இருந்தால் இன்னும் சந்தேகம். 60 நாளுக்குள் கண்டுபிடித்து ஆபரேஷன் செய்தால்தான் நல்ல பலன். மலத்தில் ரத்தம், பச்சையாக வாந்தி, வயிறு உப்பிக் கல் மாதிரி இருப்பது, காய்ச்சல், பால் குடிக்க மறுத்துச் சோர்ந்து கிடப்பது, பிறந்து ஒரு நாள் ஆகியும் கரும்மலம் போகாதது, இதற்கெல்லாம் உடனே டாக்டர். முதல் மாதத்திலேயே சரியாகப் போகவில்லை என்றாலும் காட்ட வேண்டும், பால் போதாமல் இருக்கலாம். மற்றபடி நாளைக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர் போகிறதா, எடை ஏறுகிறதா, முகம் தெளிவாக இருக்கிறதா? இந்த மூன்றும் சரியென்றால் துணியை ஆராய்ச்சி செய்ய வேண்டியதில்லை.

கொள்ளுப்பேரனையும் டாக்டரிடம் காட்டினோம். அந்தப் பெண் டாக்டர் எடை போட்டார், வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், சிறுநீர்க் கணக்குக் கேட்டார். "பாலைத் தவிர ஒண்ணும் கொடுக்காதீங்க" என்று அனுப்பிவிட்டார். மறுநாள், எட்டாம் நாள், என் மடியில் என் சலவை வேட்டியில் வஞ்சனை இல்லாமல் போனான். நல்ல கடுகு மஞ்சள். எழுந்து நின்றால் வழிந்துவிடும் என்று நான் அசையாமல் உட்கார்ந்திருந்ததைப் பேத்தி படம் எடுத்து சம்பந்தியம்மாவுக்கு அனுப்பினாள்.

அன்று இரவு மகள், "அம்மா, அன்னைக்கு ஏன் அப்படிக் கோபப்பட்டே?" என்று கேட்டாள். நாற்பத்தொன்பது வருடம் கழித்து முதல் தடவையாக அவளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். நான் அடுத்த அறையில் பேப்பரை விரித்துக்கொண்டிருந்தேன்.

"பாலை நிறுத்தச் சொன்னது யாரும்மா?"

"அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தான்" என்றாள்.

நான் எழுந்து போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மகள் நான் எழுதுவதையெல்லாம் படிக்கிறவள். அதனால் இங்கே எழுதிவிடுகிறேன். அம்மா சொன்னார், டாக்டர் சொன்னார். "சரி, நிறுத்திடலாம்" என்று சம்மதம் கொடுத்தது நான்தான். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.