கொதித்து ஆறிய தீன்



கண்டி நகரச் சாப்பாட்டுக் கடைகளின் மிச்சத்தை வைத்தே நாங்கள் சிலர் இரண்டு மூன்று பன்றிகள் வளர்க்கிறோம். ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சலால் நாடு முழுவதும் அபாயப் பிரதேசமாக அறிவிக்கப்பட்டது. இந்நோய் மனிதருக்குத் தொற்றாது. பன்றிக்கு வந்தால் சுகமாக்க மருந்தில்லை. இறைச்சி மிச்சத்திலும் கிருமி இருக்கும். அரைமணி நேரம் நன்றாகக் கொதிக்கவைத்து, ஆறிய பின்பே கொடுங்கள்.

பன்றிகளை வெளியே திரியவிட வேண்டாம். அதற்காக இருட்டில் அடைத்தும் வைக்காதீர்கள். அவற்றுக்கு வியர்த்து உடல் குளிராது. நிழலும் புரளச் சேறும் வேண்டும். குட்டி ஈனும் நாள் நெருங்கினால் வைக்கோல் போடுங்கள். தாய் தானே படுக்கை அமைக்கும்.

ஒன்று தீன் தின்னாமல் சோர்ந்தால் விற்கவோ வெட்டவோ வேண்டாம். உடனே அரச மிருக வைத்தியருக்கு அறிவியுங்கள். மீண்டும் எல்லாவற்றையும் இழக்க எங்களால் முடியாது.