கணிப்பான் காட்டுவதெல்லாம் விடையா?



ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குப் பழங்கால அளவைகளைப் பற்றி ஓர் இடுபணி தந்திருந்தேன். ஒரு மாணவன் எபிரேயர்களின் எடை அலகுகளைத் தேர்ந்தெடுத்தான். கோலியாத்தின் வெண்கலக் கவசம் 5000 சேக்கல் என்று வேதாகமம் கூறுவதை எடுத்துக்கொண்டு, அதன் பொருண்மை 56.69904625 கிலோகிராம் என எழுதியிருந்தான். நான் இரண்டு புள்ளிகளைக் குறைத்தேன். மறுநாளே அவனுடைய தந்தையார் வந்துவிட்டார். “பெருக்கலில் பிழை இல்லையே சார், கணிப்பானும் அதைத்தானே காட்டுகிறது?” என்றார். அவருக்கு அன்று சொன்னதையும், சொல்ல விட்டுப்போனதையும் இங்கே எழுதுகிறேன்.

அவன் ஒரு சேக்கலை 11.33980925 கிராம் என்று கொண்டிருந்தான். இந்த எண் எங்கிருந்து வந்தது? ஆங்கில வேதாகமங்கள் சிலவற்றின் அளவைக் குறிப்பில், சேக்கல் என்பது ஏறக்குறைய ஓர் அவுன்சில் ஐந்தில் இரண்டு பங்கு என்று இருக்கும். ஓர் அவுன்ஸ் 28.349523125 கிராம்; இது வரையறுக்கப்பட்ட துல்லியமான எண். இதை ஐந்தில் இரண்டால் பெருக்கினால் மாணவனின் எண் கிடைத்துவிடும். வழியில் ‘ஏறக்குறைய’ என்ற சொல் மட்டும் உதிர்ந்துபோயிற்று. எட்டுத் தசம இடங்களும் அவுன்சுக்கு உரியவை, சேக்கலுக்கு உரியவை அல்ல.

சேக்கலுக்கு உரிய சான்று கல்லில்தான் இருக்கிறது. யூதேயாவில் கி.மு. 8, 7ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சுண்ணாம்புக் கல் எடைக்கற்கள் பல அகழ்வாய்வுகளில் கிடைத்துள்ளன. (நாம் எடைக்கல் என்கிறோம், எபிரேயரும் ‘கல்’ என்ற சொல்லாலேயே அதைக் குறித்தனர்.) ராஸ் கிலெட்டர் 1998இல் வெளியிட்ட ஆய்வில் சேக்கலின் அளவு ஏறக்குறைய 11.33 கிராம் என்று கணித்தார். ஆனால், கல்லுக்குக் கல் எடை சற்று வேறுபடுகிறது. மேலும், இது யூதேயாவின் அளவு மட்டுமே. மெசொப்பொத்தேமியச் சேக்கல் 8.4 கிராம் அளவினது. உரோமர் காலத்தில் எருசலேம் ஆலய வரிக்குச் செலுத்தப்பட்ட தீருவின் வெள்ளிச் சேக்கல் 14 கிராம் அளவினது. கோலியாத்தோ பெலிஸ்தியன், கதை நிகழும் காலமும் இந்தக் கற்களுக்கு முந்தியது. ஆகவே, எந்தச் சேக்கல் என்பதைப் பொறுத்து அக்கவசம் 42 கிலோகிராமாகவும் இருக்கலாம், 70 கிலோகிராமாகவும் இருக்கலாம். இந்நிலையில் மில்லிகிராமுக்கும் கீழே இறங்கி விடை எழுதுவது அறியாததை அறிந்ததாகக் காட்டுவதாகும்.

அதற்காக எல்லாமே தோராயம் என்று மாணவர்கள் எண்ணிவிடக் கூடாது. யாத்திராகமத்தில் ஓர் அழகான கணக்கு உள்ளது. 6,03,550 ஆடவர்கள் ஆளுக்கு அரைச் சேக்கல் கொடுக்க, மொத்தம் 100 தாலந்தும் 1775 சேக்கலும் சேர்ந்தன என்கிறது. பாதியாக்கினால் 3,01,775 சேக்கல். 1775ஐக் கழித்து நூறால் வகுத்தால் ஒரு தாலந்துக்கு 3000 சேக்கல். இதில் ‘ஏறக்குறைய’ என்பதற்கே இடமில்லை. அலகுகளுக்கு இடையிலான விகிதம் எண்ணி அறிவது. கிராமுக்கு மாற்றும்போதுதான் அது அளந்து அறிவதாகிறது. இவ்வேறுபாட்டை நம் பாடநூல்களில் இன்னும் அழுத்திச் சொல்லலாம் என்பது என் எண்ணம். தாலந்து 3000 சேக்கல் என்று உறுதியாக எழுதலாம். 34 கிலோகிராம் என்று எழுதும்போது மட்டும் ‘ஏறக்குறைய’ சேர்க்க வேண்டும்.

கல்லின் பெருமைக்கு இன்னொரு சான்று. முதலாம் சாமுவேல் நூலில் ‘பிம்’ என்றொரு சொல் ஒரே ஒருமுறை வருகிறது. அதன் பொருள் மறந்துபோயிருந்தது. 1611ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பாளர்கள் அதை ‘அரம்’ என்று ஊகித்தார்கள். பின்னர், அச்சொல் பொறித்த எடைக்கற்கள் மண்ணிலிருந்து வெளிவந்தன. ஏறக்குறைய 7.8 கிராம், அதாவது சேக்கலில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்று மிகுதி. கலப்பைக் கொழுவைத் தீட்டுவதற்கான கூலியை அவ்வசனம் சொல்கிறது என்பது அதன் பிறகே விளங்கிற்று. மொழியறிஞர்களுக்கு நூற்றாண்டுகளாகப் பிடிபடாததைத் தராசு சொல்லிவிட்டது.

தந்தையார் பொறுமையாகக் கேட்டார். “தேர்வில் ஒரு விடைதானே சார் சரி?” என்றும் கேட்டார். அதற்கு என்னிடம் நல்ல பதில் இருக்கவில்லை. யூதேயக் கற்களின்படி ஏறக்குறைய 57 கிலோகிராம் என்று எழுதியிருந்தால் முழுப் புள்ளி தந்திருப்பேன் என்றேன். குறைத்த புள்ளிகளை நான் திருப்பித் தரவில்லை. அவரும் முழு மனநிறைவோடு சென்றதாகத் தெரியவில்லை.

மாணவன் மட்டும் நின்று, “ஏறக்குறைய என்றால் எவ்வளவு சார்?” என்று கேட்டான். அடுத்த வாரம் அறிவியல் அறைத் தராசில் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் பத்துக் கோலிக்குண்டுகளைத் தனித்தனியே நிறுத்து எழுதிவரச் சொல்லியிருக்கிறேன்.