மலை சரிந்தது, பழி யார் தலையில்?

2024 டிசம்பர் 1. ஃபெஞ்சல் புயல் கரை கடந்த மறுநாள். திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலைச் சரிவிலிருந்து பாறையும் சேறும் உருண்டு வந்து ஒரு வீட்டை மூடின. ஏழு பேர் மாண்டார்கள். அவர்களில் ஐவர் குழந்தைகள். ஊரே கண்ணீர் வடித்தது. நிவாரணத் தொகை அறிவிக்கப்பட்டது. கண்ணீர் காயுமுன்பே இன்னொரு குரல் எழுந்தது: "மலையடியில் ஆக்கிரமித்திருப்பவர்களை விரட்டு!"

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

அங்கே குடியிருப்பவர்கள் யார்? சித்தாள் வேலைக்குப் போகிறவர்கள், பூக் கட்டுகிறவர்கள், பௌர்ணமிக்கு வரும் லட்சக்கணக்கான பக்தர்களுக்கு இட்லி அவித்துப் போடுகிறவர்கள். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை ஒட்டிய நிலமெல்லாம் மனையாகவும் விடுதியாகவும் மாறி, விலை வானத்தைத் தொட்டது. சமதரையில் இடம் வாங்க வழியற்றவன் சரிவில் ஏறினான். ஆசைப்பட்டா ஏறினான்? ஓட்டுக் கேட்டு அந்தச் சந்துகளில் ஏறி இறங்கிய கனவான்களுக்கு, அது அபாயமான இடம் என்று அன்று தெரியவில்லையா?

மலையின் கதையும் இந்த மக்களின் கதையைப் போன்றதுதான். ஏறத்தாழ 2,700 அடி உயரமுள்ள இந்த மலையைப் பார்த்து, "வெறும் புல்லும் புதரும்" என்கிறார்கள். வெறும் புல்லா? அந்தப் புல்லின் வேர்தான் பாறை இடுக்கில் கிடக்கும் கைப்பிடி மண்ணைப் பிடித்து நிறுத்துகிறது. ஓடுகிற மழைநீரை நிதானப்படுத்துகிறது. புல் இருந்தால் எந்தப் பேய்மழையிலும் மலை சரியாது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் புல்லையும் புதரையும் இழந்த மலை அடுத்த மழைக்கு இன்னும் பலவீனமாகத்தான் நிற்கும்.

வரி தராத நிலமெல்லாம் தரிசு என்று எழுதி வைத்தது வெள்ளையன் சர்க்கார். சுதந்திர இந்தியாவின் சர்க்கார் 2019ல் வெளியிட்ட தரிசு நில வரைபடத் தொகுப்பிலும் புதர்க்காடு தரிசுக் கணக்கில்தான் இருக்கிறது! இந்தக் கண்ணோட்டம் நீலகிரியில் செய்த வேலை என்ன? தலைமுறை தலைமுறையாக நின்ற புல்வெளிகளில் தைல மரத்தையும் வாட்டில் மரத்தையும் நட்டார்கள். சிறுமுகை விஸ்கோஸ் ஆலைக்குக் கூழ்மரம் கிடைத்தது. மலைக்கோ புல்வெளி போயிற்று. மரம் நட்டதாக விழா எடுப்பது எளிது. எங்கே, எதை அழித்து, யாருடைய லாபத்துக்காக நட்டார்கள் என்பதல்லவா கேள்வி?

கோடை வந்தால் அண்ணாமலையில் தீப்பிடிக்கிறது. எலுமிச்சைப் புல்லில் எண்ணெய் உண்டு; ஒரு பொறி போதும், சரிவு முழுவதும் பரவிவிடும். உடனே ஆடு மேய்ப்பவன் மீதும் புல் அறுப்பவள் மீதும் சந்தேகம்! தீத்தடுப்புக் கோடு வெட்டுவதும், இரவில் மலையேறித் தழையால் அடித்துத் தீயை அணைப்பதும் யார்? அதே ஏழை உழைப்பாளிகள்தான். 1988ல் தொடங்கிய அண்ணாமலை மறு காடாக்கச் சங்கத்தின் காலம் முதல் இங்கே நட்ட கன்றுகள் பிழைத்து மரமானது அவர்களுடைய வியர்வையால். மறுபுறம் அதிகாரிகள் செய்தது என்ன? 2015ல் கிரிவலப் பாதையை அகலப்படுத்த மரங்களை வெட்டினார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டுத் தடுக்க வேண்டியதாயிற்று.

மரத்தைக் காப்பவன் குற்றவாளி, வெட்டுகிறவன் நீதிபதி! கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்கு மதி எங்கே போயிற்று?

மலையைக் காக்க வேண்டும். அதில் நமக்கு இரண்டு கருத்தில்லை. அபாயமான சரிவில் மக்கள் வாழக் கூடாது என்பதும் உண்மையே. ஆகவே நாம் கேட்கிறோம்: இடிப்பதற்கு முன்பே, பிழைப்பு இருக்கும் நகரத்துக்குள் மாற்று வீடு கொடு. கட்டிடத் தடையை முதலில் பெரிய விடுதிகள் மீதும் மனை வியாபாரிகள் மீதும் பிரயோகி. தீத்தடுப்புத் தொழிலாளருக்கு நிரந்தர வேலையும் நியாயமான சம்பளமும் வழங்கு. கோடைக்கு முன் முறைப்படி புல் அறுக்கும் உரிமையை ஏழைகளுக்குக் கொடு. எரியும் புல் குறையும், மாட்டுக்கும் கூரைக்கும் ஆகும். புல்வெளியையும் புதர்க்காட்டையும் தரிசுக் கணக்கிலிருந்து நீக்கு.

உழைக்கும் மக்களை விரட்டிவிட்டு எந்த மலையையும் காக்க முடியாது. ஐந்து குழந்தைகளைப் பறிகொடுத்த ஊர் இதை மறக்காது. சர்க்காரையும் மறக்க விடாது.