நெல்லிக்காய் இருக்கட்டும், முதல்ல குரோமியத்தை அள்ளுவோம்!

"மூலிகை எந்த விஷத்தையும் முறிச்சிடும்" என்ற நம்பிக்கை நம்ம ஊர்ல ரொம்பப் பழசு. இப்போ அதற்கு ஆய்வகத்தில் இருந்தும் ஆதரவு வருகிறது. பெண் எலிக்கு ஒரு நச்சைக் கொடுக்கிறார்கள், சினைப்பை பாதிக்கப்படுகிறது. கூடவே குர்குமின் மாதிரி ஒரு ஆன்டிஆக்ஸிடன்ட் கொடுத்தால் பாதிப்பு குறைகிறது. காட்மியம், பூச்சிக்கொல்லி, பிஸ்பீனால்-ஏ என்று நச்சின் பெயர் மட்டும் மாறும்.

இந்த ஆய்வுகளை நான் குறை சொல்லவில்லை. ஆனா அதைப் படிச்சிட்டு, "அப்போ பிரச்சினைக்கு மருந்து கிடைச்சாச்சு" என்று நாம நிம்மதியாகிவிடுவதுதான் ஆபத்து.

குரோமியம்-6ஐ எடுத்துக்குவோம். குரோமேட் அயனியின் வடிவம் சல்பேட் மாதிரியே இருப்பதால், சல்பேட்டுக்கான வழியிலேயே செல்லுக்குள் நுழைந்துவிடும். உள்ளே அது குரோமியம்-3 ஆக மாறும்போது வினைமிகு ஆக்சிஜன் உருவாகி, டி.என்.ஏ.வைத் தாக்குகிறது. சினைப்பையில் இருக்கும் கருமுட்டைகளோ எண்ணிக்கை வரம்புள்ளவை. அழிந்தால் திரும்ப வராது. பாலூட்டும் தாய் எலிக்குக் குடிநீரில் இதைக் கலந்து கொடுத்தபோது, பெண் குட்டிகள் பருவமடைவதே தள்ளிப்போனது. வைட்டமின் சி, திராட்சைத் தோலில் உள்ள ரெஸ்வெராட்ரால் இரண்டும் பாதிப்பைக் குறைத்தன.

நல்ல செய்திதான். ஆனால் ஆய்வகத்தில் எலிக்கு நச்சும் மருந்தும் அளந்து, சரியான நேரத்தில் கிடைக்கின்றன. வைட்டமின் சி-யில் இந்த நேரம் ரொம்ப முக்கியம். செல்லுக்கு வெளியே இருந்தால் அது குரோமியம்-6ஐ உள்ளே போகும் முன்பே மாற்றிவிடும். செல்லுக்குள் நடந்தால், அதே வினையே டி.என்.ஏ.வைச் சேதப்படுத்தலாம். ஊர்க் கிணற்றுத் தண்ணியைக் குடிக்கிற ஆட்டுக்கும் மாட்டுக்கும் யார் மருந்தளவு பார்த்துக் கொடுக்கப் போறாங்க?

இது நமக்குத் தூரத்துக் கதை இல்லை. ராணிப்பேட்டையில் 1995-ல் மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலை, ஒரு லட்சம் டன்னுக்கும் மேல் குரோமியக் கழிவை விட்டுச் சென்றது. ஆலை மூடிய பிறகும் பல வருஷம் மழைநீரோடு அது நிலத்தடி நீரில் இறங்கியது. குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தரநிலை. மேல அவ்வளவு பெரிய குவியலை வச்சிக்கிட்டு, கீழே ஆட்டுக்கு நெல்லிக்காய் கொடுப்பதா தீர்வு?

இன்னொரு வேடிக்கை பாருங்க. நாம நம்புற மஞ்சள் தூளிலேயே நிறம் கூட்டுவதற்காக லெட் குரோமேட் கலக்கிறார்கள். அதில் ஈயமும் இருக்கு, அதே குரோமியம்-6ம் இருக்கு! வங்கதேசம் இதற்கு மாற்று மருந்து தேடவில்லை. சந்தையில் சோதனை, அபராதம், விழிப்புணர்வு என்று இறங்கியது. 2019-ல் 47 சதவீத மாதிரிகளில் இருந்த ஈயம், 2021-ல் எதிலும் தென்படவில்லை. ஊற்றுக்கண்ணை அடைத்தால் ரெண்டே வருஷத்தில் பலன் தெரியும்.

பொறியியல் மாணவர்களான நமக்கு இதில் நேரடி வேலை இருக்கிறது. வைட்டமின் சி செய்கிற அதே ஒடுக்க வினையை, விலை மலிவான ஃபெரஸ் சல்பேட் மண்ணிலும் தண்ணீரிலும் செய்துவிடும். நச்சுத்தன்மை குறைந்த குரோமியம்-3 படிவாகத் தங்கிவிடும். வேதியியல் ஒன்றுதான். அதை ஒரு ஆட்டின் சினைப்பையில் நடத்தப் போகிறோமா, ஆலை வாசலிலேயே நடத்தப் போகிறோமா?

எலி ஆய்வுகள் தொடரட்டும். ஏற்கெனவே நச்சு ஏறிய உயிர்களுக்கு அவை தேவை. ஆனா ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடும் சிவில், கெமிக்கல், பயோடெக் நண்பர்களே, உங்க ஊர்க் கழிவுக் குவியலையும் ஒரு தடவை போய்ப் பாருங்க. தலைப்பு அங்கேயே கிடைக்கும்.