பட்டா காணலன்னா நிலத்தை வித்துடுவீங்களா?

திண்டிவனத்துல ஒரு கடை. பேரு வேணாம். பெரிய பொண்ணுக்கு பிளஸ் டூ-ல குடுத்த இலவச லேப்டாப்பைக் கொண்டுபோய் வச்சேன். கறுப்புத் திரையில "நோ சச் பார்ட்டிஷன்", கீழே "கிரப் ரெஸ்க்யூ". தம்பி ரெண்டு நிமிஷம் பார்த்தார். "ஹார்டு டிஸ்க் காலி சார், ஃபார்மட் அடிக்கணும்."

உள்ள இருக்கறது?

"எல்லாம் போயிடும்."

எங்கப்பா மாட்டுவண்டியில உக்காந்திருக்கற போட்டோ அதுலதான் இருக்கு. மல்லாட்டைக் கணக்கும் அதுலதான். பேக்கப் எடுக்கலையான்னு சென்னைக்காரங்க கேப்பீங்க. எடுக்கல, தப்புதான்.

ஆனா டிஸ்க் காலி இல்லைங்க. 2011-ல ஆரம்பிச்ச அந்தத் திட்டத்துல வந்த இந்த மெஷின்ல விண்டோஸும் இருந்துச்சு, சென்னை சி-டாக் செஞ்ச பாஸ் லினக்ஸும் இருந்துச்சு. ரெண்டு எதுக்குன்னு யாரும் சொல்லித் தரல. மச்சான் மகன், "இந்த எடம் சும்மா கெடக்கு மாமா"ன்னு லினக்ஸ் பாகத்தை அழிச்சுட்டான். விண்டோஸ்ல பார்த்தா அதுக்கு சி, டி-ன்னு எழுத்து கிடையாது, தரிசு மாதிரிதான் தெரியும். மெஷின் முழிச்சதும் கூப்பிடற கிரப்போ தன் மீதிப் பாதியை அந்தத் தரிசுலதான் வச்சிருந்துச்சு. அது போனதும் வழி தெரியாம நிக்குது. விண்டோஸ் பக்கம் ஒரு எழுத்துகூடக் கெடலை.

விழுப்புரத்துல தெரிஞ்ச பையன் ஒருத்தன், பாலிடெக்னிக் படிக்கறான். முதல்ல பென் டிரைவ் லினக்ஸ்ல ஏத்தி போட்டோ, கணக்கெல்லாம் வெளிய எடுத்தான். அப்புறம் விண்டோஸ் 7 பென் டிரைவ் போட்டு, ரிப்பேர்ல போய் 'பூட்ரெக்'னு ஒரு கட்டளை அடிச்சான். டிஸ்க்கோட முதல் 512 பைட்டுல இருக்கற தொடக்க நிரலைத்தான் அது மாத்தும். பாகப்பிரிவினைப் பட்டியலைத் தொடாது. மெஷின் எழுந்துடுச்சு.

பட்டியலே அழிஞ்சிருந்தாலும் டெஸ்ட்டிஸ்க்னு ஒண்ணு இருக்காம், இலவசம். சர்வேயர் எல்லைக்கல் தேடறாப்ல பழைய எல்லையைத் தேடிப் பிடிக்கும். அதுக்குள்ள புதுசா எதையும் மேல எழுதக் கூடாது, அவ்வளவுதான். ஃபார்மட் பண்ணி விண்டோஸ் போடறதுன்னா அந்த எழுதற வேலைதானே?

கடைக்காரரை முழுசா குத்தம் சொல்லமாட்டேன். தேடிப் பார்க்க நேரம் ஆகும், நாம அதுக்கு நூறு ரூபா குடுக்க பேரம் பேசுவோம். டிஸ்க் கடகடன்னு சத்தம் போட்டா அது வேற கதை, உடனே நிறுத்திடணும். ஆனா சோதிக்காமலே "காலி"ன்னு சொல்றது வைத்தியம் இல்ல. அடுத்த தடவை உங்ககிட்ட அப்படிச் சொன்னா, "டிஸ்க் கெட்டிருக்கா, பட்டியல் கெட்டிருக்கா?"ன்னு கேளுங்க. பதில் வரலன்னா பையைத் தூக்கிட்டு வந்துடுங்க.

பையன் காசு வாங்கல. ஒரு படி மல்லாட்டை குடுத்தேன்.