மலிவு கம்ப்யூட்டர் மலிவுதானா?

கத்தரிக்காய் வாங்கும்போது திருப்பித் திருப்பிப் பார்க்கிறோம். புடவை வாங்கும்போது, "சாயம் போகுமா?" என்று கேட்கிறோம். ஆனால், பிள்ளையின் படிப்புக்கு லேப்டாப் வாங்கப் போனால் வாயே திறப்பது இல்லை. கடைக்காரர் சொன்னதே வேதவாக்கு!

இது சரியா? சரி இல்லை. விலை குறைந்த கம்ப்யூட்டர் வாங்கும்போதுதான் அதிகக் கேள்வி கேட்க வேண்டும். விலை குறைந்தால், உள்ளே ஏதோ ஒன்று குறைந்திருக்கும். அது எது என்று தெரிந்துகொள்ள வேண்டாமா?

ஆகாஷ் தந்த பாடம்

மாணவர்களுக்கு மிக மலிவான கையடக்கக் கம்ப்யூட்டர் தர மத்திய அரசு விரும்பியது. 2011-ம் ஆண்டு அக்டோபர் மாதம் "ஆகாஷ்" வந்தது. நோக்கம் நல்லது. ஆனால், அதன் ராம் 256 எம்.பி.தான். திரையோ, அழுத்தினால்தான் வேலை செய்யும் ரகம். குறை சொன்னவர்கள் பலர். மறு ஆண்டே ராமை இரு மடங்கு ஆக்கி, திரையையும் மாற்றி, "ஆகாஷ்-2" வெளியிட்டார்கள்.

சமையல் அறை

கம்ப்யூட்டரைச் சமையல் அறையாக நினைத்துக்கொள்ளுங்கள். பிராசசர்தான் சமையல்காரர். ராம், அவர் காய் நறுக்கும் மேடை. சேமிப்பு இடம், சரக்கு அறை.

மேடை ஒரு முழம்தான் என்றால், சமையல்காரர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்து என்ன பயன்? ஒன்றை எடுத்து வைத்த பிறகுதான் இன்னொன்றைத் தொட முடியும். "கம்ப்யூட்டர் சுற்றிக்கொண்டே இருக்கிறது" என்று பிள்ளைகள் அலுத்துக்கொள்வது பெரும்பாலும் இதனால்தான்.

வின்டோஸ் 11 ஓடுவதற்குக் குறைந்தது 4 ஜி.பி. ராம், 64 ஜி.பி. சேமிப்பு இடம் வேண்டும் என்கிறது மைக்ரோசாப்ட். இது உயிர் தாங்கும் கஞ்சி. வயிறு நிறையாது! 8 ஜி.பி. ராமும், 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி.யும் இருந்தால் ஒரு குடும்பத்துக்குப் போதும்.

கேளுங்கள்!

"ராமைப் பிறகு கூட்ட முடியுமா? சேமிப்பை மாற்ற முடியுமா?" இந்த இரண்டையும் கட்டாயம் கேளுங்கள். மலிவு லேப்டாப்கள் பலவற்றில் இரண்டையும் பலகையோடு பற்றவைத்து விடுகிறார்கள். சேமிப்பு "இ.எம்.எம்.சி." என்று இருந்தால் உஷார்! அது வேகம் குறைந்தது. பழுதுபார்ப்பவராலும் எளிதில் மாற்ற முடியாது.

கேமரா சுமாராக இருக்கட்டும். கனம் கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும். மூடி பளபளக்க வேண்டாம். இவற்றால் படிப்பு நின்றுவிடாது.

பழையது வாங்கலாமா? தாராளமாக வாங்கலாம். அலுவலகத்தில் ஓடிய நல்ல லேப்டாப், புதிய மட்ட ரகத்தைவிட மேல். ஆனால், அது வின்டோஸ் 11-ஐ ஏற்குமா என்று பாருங்கள். வின்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு முடிந்துவிட்டது. பாட்டரி எவ்வளவு நேரம் தாங்குகிறது என்றும் பாருங்கள்.

கம்பெனிகளுக்கு ஒரு வார்த்தை. பிஸ்கட் பொட்டலத்தில் எடை அச்சிடுகிறார்கள். லேப்டாப் பெட்டியில், "இதன் ராமைக் கூட்ட முடியாது" என்று தமிழில் பெரிதாக அச்சிட்டால் என்ன? வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டிச் சேர்த்த பணம் அல்லவா அது?

இரண்டே ஆண்டில் மூலைக்குப் போகும் பெட்டி, எந்த விலைக்குக் கிடைத்தாலும் நஷ்டம்தான். ஐந்து ஆண்டு உழைப்பது எதுவோ, அதுவே மலிவு!