‘கொஞ்சம்’ என்றால் எவ்வளவு?

மதுரையிலிருந்து இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்கு நர்ஸ் வேலைக்குப் போனவள் அந்தப் பெண். ஆங்கிலத் தேர்வில் நல்ல மார்க். ஆனாலும், வார்டில் கால் வைத்த முதல் நாளே படித்த ஆங்கிலம் வேறு, பேசுகிற ஆங்கிலம் வேறு என்று புரிந்துபோனது.

எதிரே வந்த சக ஊழியர் ‘ஆல் ரைட்?’ என்றார். முகம் வாடியிருக்கிறதோ என்று பதறி, ராத்திரி தூக்கமில்லை என்று இவள் சொல்ல ஆரம்பிப்பதற்குள் அவர் நாலடி தள்ளிப் போயிருந்தார். அது கேள்வியே இல்லை, வணக்கம்! நம்மூரில் ‘சாப்பிட்டாச்சா?’ என்று கேட்பவர் சோறு போடவா கேட்கிறார்?

ஒரு பெரியவர் ‘லவ்’ என்று கூப்பிட்டதும் திடுக்கிட்டாள். கோயம்புத்தூர் பக்கம் ‘கண்ணு’ என்பார்களே, அதுதான் அது. ‘டீ’ சாப்பிட வா என்று தோழி அழைத்தாள். இவள் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போனால், அங்கே முழுச் சாப்பாடு காத்திருந்தது. வடக்கே பல வீடுகளில் சாயங்காலச் சாப்பாட்டுக்கே ‘டீ’ என்றுதான் பெயர். ‘ஸ்பெண்ட் எ பென்னி’ என்று ஒரு பாட்டி சொன்னபோது சில்லறை தேடினாள். பொதுக் கழிப்பறைக் கதவைத் திறக்க ஒரு பென்னி காசு போட்ட காலத்து வழக்கு அது. பாட்டிக்கு பாத்ரூம் போக வேண்டும்!

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். சிரிக்க முடியாத சொல் ஒன்று உண்டு: ‘எ பிட்’. அதாவது, கொஞ்சம்.

வலி எப்படி இருக்கிறது என்று ஒரு தாத்தாவிடம் கேட்டாள். ‘கொஞ்சம் அசௌகரியம்தான், மற்றவர்களைக் கவனி’ என்றார். சரி, பெரிதாக ஒன்றுமில்லை என்று நகர்ந்தாள். பின்னால் வந்த சீனியர் நர்ஸ், போர்வையை இறுகப் பிடித்திருந்த அவர் விரல்களைப் பார்த்தார். உடனே டாக்டரை அழைத்தார். வாய்விட்டுக் குறை சொல்வது நாகரிகமில்லை என்று வளர்ந்த தலைமுறை அது.

இந்தக் ‘கொஞ்சம்’ போர்க்களத்திலும் விளையாடியிருக்கிறது. 1951 ஏப்ரல், கொரியப் போர். இம்ஜின் நதியருகே பிரிட்டனின் குளோஸ்டர்ஷயர் பட்டாலியனைச் சீனப் படை சூழ்ந்தது. நிலைமை ‘கொஞ்சம் சிக்கல்’ என்று பிரிகேடியர் டாம் பிரோடி அமெரிக்க ஜெனரலிடம் சொன்னாராம். சமாளித்துவிடுவார்கள் என்று அமெரிக்கர் எடுத்துக்கொண்டாராம். கடைசியில் 500-க்கும் மேற்பட்டவர்கள் கைதிகளானார்கள். இத்தனைக்கும் இரண்டு பேருக்கும் தாய்மொழி ஆங்கிலம்தான்!

அதற்குப் பிறகு அந்தப் பெண் ‘வலிக்கிறதா?’ என்று மட்டும் கேட்டு நிறுத்துவதில்லை. ‘பத்துக்கு எத்தனை மார்க் போடுவீர்கள்?’ என்பாள். ‘கொஞ்சம்’ என்றவர்கள் ‘எட்டு’ என்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு போன் செய்தாள். குரல் சோர்ந்திருந்தது. ‘ஒண்ணுமில்லடி, லேசா நெஞ்சு கரிக்குது. கேஸா இருக்கும். நீ வேலையப் பாரு’ என்றார் அம்மா. எத்தனையோ வருடமாகக் கேட்டுப் பழகிய ‘லேசா’தான். இந்த முறை அவள் விடவில்லை.

‘பத்துக்கு எத்தனைம்மா?’

கொஞ்ச நேரம் மௌனம். ‘ஏழு இருக்கும்டி’ என்றார் அம்மா.

அடுத்த போன் பக்கத்து வீட்டு அண்ணனுக்கு. ‘அம்மாவ உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கண்ணே.’